நல்ல நாளும் பொல்லாத நாளும்

வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வாழ்வை முன்னிட்டு, மனச்சமநிலை பற்றிச் சில சிந்தனைகள்

மனித வாழ்வில் எல்லா நாட்களும் ஒரே தன்மையாக அமைவதில்லை என்பது யாவரும் அறிந்ததே. உத்தியோகம் கிடைத்த நாள், பெண்ணுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடிய நாள், நெடுங்காலமாக இழுபட்ட வழக்கு நம் பக்கம் தீர்ந்த நாள் என்று சில நாட்கள் நம்மைத் தூக்கி நிறுத்துகின்றன. வியாபாரம் நொடித்த நாள், நோய் இன்னதென்று வைத்தியர் வாய்விட்டுச் சொன்ன நாள், உற்றவர் முகம் திருப்பிக்கொண்டு போன நாள் என்று வேறு சில நாட்கள் நம்மைக் கீழே தள்ளிவிடுகின்றன. எந்த நாள் வந்தாலும், வந்த அன்று அதுவே உலகம் முழுவதும் என்று எண்ணிவிடுவது மனத்தின் சுபாவம். ஜெயித்த அன்று இனித் தோல்வியே கிடையாது என்றும், தோற்ற அன்று இனி விடிவே கிடையாது என்றும் அது துணிந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. இரண்டு தீர்ப்பும் பிழை என்பதை அறிவு அறியும்; ஆயினும் அறிவு அறிந்ததை மனம் ஒப்புக்கொண்டு நடக்கும்படி செய்வது எவ்வாறு என்பதே, குடும்பமும் கடனும் கவலையும் உள்ள நம் போன்றார் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் துறவிகளின் உபதேசத்தை நாடுகின்றனர். அவ்வுபதேசத்தின் மேன்மையை நான் குறைத்துச் சொல்லேன். ஆனால் இன்பதுன்பங்களுக்குக் காரணமான யாவற்றையும் விட்டு விலகியவருடைய அமைதி, அவற்றின் நடுவிலேயே காலமெல்லாம் உழல வேண்டியவர்க்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்ற ஐயம் எனக்கு உண்டு. பெண்டு பிள்ளைகளோடும், பணமுடையோடும், பெரும் பகையோடும், பெரும் புகழோடும் வாழ்ந்து, அவ்வளவுக்கும் நடுவே மனம் சிதறாமல் நின்ற ஒருவரையே இங்கு உதாரணமாகக் கொள்ள விரும்புகிறேன். அவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

அவர் கதையை அறியாத தமிழர் இலர். கப்பல் விட்டார், சிறை சென்றார், செக்கு இழுத்தார் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால் காலக்கணக்கைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவருடைய கப்பல் கம்பெனியான சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபரில் பதிவானது. அவர் கைதானது 1908 மார்ச்சில். ஆக, வெற்றியின் காலம் 17 மாதம். சிறையில் கழிந்தது 4 ஆண்டும் 9 மாதமும். விடுதலைக்குப் பின் அவர் வாழ்ந்ததோ ஏறத்தாழ 24 ஆண்டுகள். நாம் போற்றிப் பேசுவது முதல் இரண்டு பகுதிகளை. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் புலனாகிறது.

வெற்றியின் காலம்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்தைத் தன் கையில் வைத்திருந்த வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராக, ஒட்டப்பிடாரத்தில் பிறந்த ஒரு வக்கீல், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மொத்த மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்று திட்டமிட்டு ஒரு கம்பெனியைத் தொடங்கினார் என்றால், அந்நாளில் அதன் துணிவை அளந்து சொல்ல வார்த்தை இல்லை. பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் நாவாய்ச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு எடுத்தார். வாடகைக்கு எடுத்த கப்பல்கள் எதிரியின் சூழ்ச்சியால் கைவிட்டுப் போனபோது, வடநாடு சென்று மேலும் பணம் திரட்டி, ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்களைச் சொந்தமாகவே தருவித்தார் சிதம்பரம் பிள்ளை. போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு கட்டணமே வேண்டாம் என்றது. அதுவும் போதாமல் பயணிகளுக்குக் குடையை இனாமாகக் கொடுத்தது. ஜனங்கள் சுதேசிக் கப்பலையே நாடினர்.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரம் பிள்ளையும் அவர் தோழர் சுப்பிரமணிய சிவாவும் முன்நின்று நடத்திய அப்போராட்டம், மார்ச் முதல் வாரத்திலேயே கூலி உயர்வும் வார ஓய்வும் பெற்று வெற்றியில் முடிந்தது. ஊரே அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்ற நாட்கள் அவை. அந்த வெற்றி கிடைத்து ஒரு வாரம் ஆவதற்குள், மார்ச் 12-இல், திருநெல்வேலியில் அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் நகரம் கொந்தளித்தது. போலீஸார் சுட்டதில் நால்வர் மாண்டனர்.

ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். இராஜத்துவேஷக் குற்றத்துக்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாயிருந்த குற்றத்துக்கு 20 ஆண்டு, ஒன்றன்பின் ஒன்றாக 40 ஆண்டு தீவாந்தர சிக்ஷை. அப்போது அவருக்கு வயது 35; தண்டனை முழுவதையும் கழித்து வெளிவந்தால் வயது 75 ஆகியிருக்கும். தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். பிறகு தெளியவே இல்லை. ஒரே செய்தி, ஒரே குடும்பம். ஒருவர் சித்தம் கலங்க, தண்டனையைச் சுமக்க வேண்டியவரோ கலங்காது நின்றார். இதைச் சொல்வது அந்தத் தம்பியைக் குறைத்துப் பேசுவதற்காக அன்று. அன்பின் மிகுதியால் உடைந்த உள்ளம் அது. அதற்கு நாம் தலைவணங்கவே வேண்டும். ஆயினும் உடையாத உள்ளம் எதனால் உடையாமல் நின்றது என்று ஆராய்வது நம் கடமை.

வள்ளுவர் வைத்த இடம்

சிதம்பரம் பிள்ளை வாழ்நாள் முழுவதும் ஓதிய நூல் திருக்குறள். துன்பத்தில் மனம் தளராமையைக் கூறும் ‘இடுக்கண் அழியாமை’ அந்நூலில் எங்கே இருக்கிறது என்பதைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். அது துறவறவியலில் வைக்கப்படவில்லை. பொருட்பாலில், அரசியல் என்னும் இயலின் முடிவில், 63-ஆம் அதிகாரமாக நிற்கிறது. அதற்கு முன் வருவன ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்னும் அதிகாரங்கள். முயற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் சொல்லி முடித்த பிறகே, முயன்றவனுக்கு வரும் இடையூறுகளைப் பற்றி வள்ளுவர் பேசுகிறார். மனச்சமநிலை என்பது செயலை விட்டவனுக்குக் கிடைக்கும் ஓய்வு என்று அவர் கருதவில்லை. செயலில் இறங்கியவன் செயலைத் தொடர்ந்து நடத்துவதற்கு வேண்டிய கருவியாகவே அதை வைத்தார். அன்றியும், துன்பம் வந்தபோது துவளாதிருக்க வேண்டுமானால் இன்பம் வந்தபோதே அதில் மயங்காதிருக்கப் பழக வேண்டும் என்பதையும் அதே அதிகாரத்தில் சொல்லி வைத்தார். பொல்லாத நாளுக்கான பயிற்சியை நல்ல நாளில்தான் செய்ய முடியும் என்பது அதன் கருத்து.

அவ்வதிகாரத்தில் வள்ளுவர் எடுத்தாளும் உவமை, தடைப்படும் இடந்தோறும் மூச்சைப் பிடித்துப் பாரத்தை இழுத்துச் செல்லும் எருது. கோயம்புத்தூர்ச் சிறையில் முதலில் சணல் கிழிக்கும் எந்திரத்தைச் சுற்றியதால் கைத்தோல் உரிந்து இரத்தம் கசிந்த சிதம்பரம் பிள்ளையை, பிறகு எண்ணெய்ச் செக்கில், மாடு கட்ட வேண்டிய இடத்திலேயே பூட்டினார்கள். மனிதனை மிருகமாக்கி அவமானப்படுத்துவதே அவர்கள் நோக்கம். வள்ளுவரைப் படித்த அம்மனிதரோ, எருதின் உழைப்பில் புலவர் கண்ட மாண்பை அறிந்தவர். இழிவு செய்வதற்கென்று தேர்ந்தெடுத்த தண்டனையே, எதற்கும் அழியாத ஊக்கத்தின் சின்னமாக இன்றளவும் தமிழ்நாட்டில் நின்றுவிட்டது.

சிறைக்குள் நடந்த வேலை

மேல்முறையீடு செய்ததன்பேரில் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. கோவையிலும், 1910 முதல் மலபாரில் கண்ணூரிலும் அவர் சிறையிருந்தார். அக்காலத்தில் அவர் செய்த வேலைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், துன்பத்தை எண்ணிக்கொண்டிருப்பதற்கு அவருக்கு நேரம் எங்கே கிடைத்திருக்கும் என்று கேட்கத் தோன்றும். உடன் சிறையிருந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார். உறவினர்க்கும் நண்பர்க்கும் செய்யுளிலேயே கடிதம் வரைந்தார். தம் வரலாற்றைச் செய்யுளாகவே இயற்றினார். கண்ணூரில் கைதிகள் பலர் நீதி நூல்களைக் கேட்க விரும்பினர். அவ்விருப்பத்தின் பயனாக விளைந்ததே மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணரியல், மெய்யியல் என்னும் ஐந்து பகுதிகளும் 125 அதிகாரங்களும் கொண்ட ‘மெய்யறம்’. களவும் கொலையும் செய்து தண்டனை பெற்றவர்கள் நடுவே, அறம் இன்னது என்று ஒரு நூல் பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இவையன்றி இன்னொரு வேலையும் நடந்தது. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் சிறு நூலொன்றைச் சிறையிலிருந்தபடியே மொழிபெயர்த்து ‘மனம் போல வாழ்வு’ என்று பெயரிட்டார். ஆலன் 1864-இல் லெஸ்டர் நகரில் பிறந்தவர். வேலை தேடி அமெரிக்கா சென்ற தந்தை அங்கே மாண்டுபோக, 15 வயதில் படிப்பை நிறுத்திக் குடும்பத்துக்காக உழைக்கப் போனவர். மனிதனுடைய எண்ணமே அவன் வாழ்வை உருவாக்குகிறது என்பது அவர் நூலின் சாரம். இக்கொள்கையைச் சுகமாக வாழும் ஒருவன் துன்புறும் ஒருவனுக்கு எடுத்துச் சொன்னால் அது கொடுமையாக முடியும். வறியவனைப் பார்த்து உன் வறுமைக்கு உன் மனமே காரணம் என்று பழிப்பதற்கு அது இடங்கொடுத்துவிடும். சிதம்பரம் பிள்ளை அதைப் பிறர்மேல் சாட்டிய பழியாகக் கொள்ளவில்லை. தமக்குத் தாமே இட்டுக்கொண்ட ஆணையாகக் கொண்டார். உடம்பு எங்கே அடைபட வேண்டும் என்பதைச் சர்க்கார் தீர்மானிக்கலாம். உள்ளம் எதில் ஈடுபட வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். மன உறுதி பற்றிய நூலை அதற்குச் சோதனை நேர்ந்த இடத்திலேயே உட்கார்ந்து மொழிபெயர்த்தவர் ஆதலால், அந்நூலின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் வாழ்வே உரையாக அமைந்தது.

அரசு வேறு, ஆள் வேறு

ஆலன் ஓர் ஆங்கிலேயர் என்பது சிந்திக்கத்தக்கது. ஆங்கில அரசின் நீதிபதி 40 ஆண்டு விதித்திருக்கிறார். ஆங்கிலக் கம்பெனி தம் கப்பல்களை ஒழிக்கப் பார்க்கிறது. அரசின் சிறையதிகாரிகள் செக்கில் பூட்டுகின்றனர். அத்தனையும் நடந்துகொண்டிருக்கையில், அதே இனத்தான் ஒருவன் எழுதிய நூலில் உண்மை இருக்கக் கண்டு, அதைத் தம் மக்கள் படிக்க வேண்டும் என்று அவர் தமிழாக்குகிறார். விடுதலைக்குப் பின் ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’ என்று ஆலனின் வேறு நூல்களும் அவரால் தமிழுக்கு வந்தன; 1934-இல், இறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பு, ‘சாந்திக்கு மார்க்கம்’ வெளிவந்தது.

தண்டனையின் விளைவாக வக்கீல் தொழில் செய்யும் உரிமையை அவர் இழந்திருந்தார். அவ்வுரிமை திரும்பக் கிடைப்பதற்கு உதவியவர் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதி. அந்த நன்றியை மறவாமல், தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் சிதம்பரம் பிள்ளை. வெள்ளையர் ஆட்சியை அவரைவிடக் கடுமையாக எதிர்த்தவர் அந்நாளில் தமிழ்நாட்டில் மிகச் சிலரே. அப்படிப்பட்டவர் வெள்ளையர் ஒருவர் பெயரைத் தம் குழந்தைக்கு இட்டு வீட்டில் நாள்தோறும் வாயார அழைத்தார். தமக்கு நேர்ந்த தீமையைக் கொண்டு ஓர் இனம் முழுவதையும் எடைபோடாமல், ஒருவர் செய்த நன்மையைக் கண்டு அநியாய ஆட்சியை மன்னித்தும் விடாமல், ஒவ்வொன்றையும் அதனதன் அளவில் கண்ட அந்தத் தெளிவையே நான் மனச்சமநிலை என்று கருதுகிறேன். பொல்லாத நாள் நம்மிடமிருந்து முதலில் பறித்துக்கொண்டு போவது இந்த அளவறியும் ஆற்றலைத்தான். ஒருவன் வஞ்சித்தால் உலகமே வஞ்சகம் என்கிறோம். ஒரு கதவு சாத்தினால் வீடே இடிந்தது என்கிறோம்.

பெயரில்லாத நாட்கள்

1912 டிசம்பரில் அவர் விடுதலையானார். கைதான செய்தி கேட்டுக் கடையடைத்துத் தெருவில் திரண்ட தேசத்தில், விடுதலையான அன்று சிறைவாயிலில் பெருங்கூட்டம் எதுவும் கூடவில்லை. நெருங்கிய சிலரே வந்திருந்தனர். கப்பல் கம்பெனி அதற்கு முந்திய ஆண்டே கலைந்துபோயிருந்தது. சொத்து இல்லை, தொழில் உரிமை இல்லை, சொந்த ஜில்லாவுக்குத் திரும்பிப் பழைய வாழ்வைத் தொடங்கும் நிலையும் இல்லை. 40 வயதில், குடும்பத்தோடு சென்னைக்கு வந்து சேர்ந்தார். மயிலாப்பூரிலும் பெரம்பூரிலும் குடியிருந்துகொண்டு, அரிசி, நெய், மண்ணெண்ணெய் என்று ஏதேதோ விற்றுப் பார்த்தார்.

வாழ்வின் மிகக் கடினமான பகுதி இதுவே என்பது என் துணிபு. பெருந்துன்பத்துக்கு ஒரு பெருமை உண்டு. செக்கில் பூட்டப்பட்டவனை நாடு நினைக்கிறது என்ற எண்ணமே அவனுக்குத் துணையாக நிற்கும். ஆனால் மாதக் கடைசியில் வாடகை கொடுக்க வழியில்லாதவனை எந்த நாடும் நினைப்பதில்லை. அந்தத் துன்பத்துக்குச் சாட்சியும் கிடையாது, சரித்திரமும் கிடையாது. பெரும்புயலில் சாயாத எத்தனையோ பேர், இந்தச் சிறு குறைகளின் ஓயாத நச்சரிப்பில் மனம் கசந்து, பிறரை ஏசிக்கொண்டே மீதி ஆயுளைக் கழித்திருக்கிறார்கள்.

சிதம்பரம் பிள்ளை அந்த நாட்களை எப்படிக் கழித்தார் என்பதற்கு இரண்டு சாட்சியங்கள் உள்ளன. தென்னாப்பிரிக்காவிலிருந்த இந்தியர்கள் அவருக்கென்று திரட்டிய ஒரு தொகை காந்தியடிகளின் பொறுப்பில் இருந்தது. அதைக் குறித்து 1915-இலும் 1916-இலும் இருவருக்குமிடையே கடிதங்கள் நடந்தன. பணம் தமக்குத் தேவைப்படுகிறது என்பதை அவர் மறைத்து எழுதவில்லை; வீம்பு பேசவுமில்லை, கெஞ்சவுமில்லை. தமக்கு உரியதைத் தக்க மரியாதையோடு கேட்டார்; முடிவில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் 10 லட்ச ரூபாய்க் கம்பெனியை நடத்திய கை, இத்தொகைக்காகக் கடிதம் எழுதுவதில் கூசவில்லை. மனச்சமநிலை உடையவன் தன் தேவையை மூடி மறைப்பவன் என்று சிலர் நினைக்கிறார்கள். தேவையை அதன் உண்மையான அளவில் சொல்வதும் சமநிலையின் ஒரு பகுதியே.

மற்றச் சாட்சியம் அவர் வெளியிட்ட நூல்கள். ‘மெய்யறம்’ 1914-இல் வந்தது. ‘மெய்யறிவு’ 1915-இல் வந்தது. அறத்துப்பால் மணக்குடவர் உரை 1917-இல் அவர் பதிப்பாக வெளியாயிற்று. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் செய்த உரையை அச்சில் ஏற்றும் பணியிலும் அவர் ஈடுபட்டார். 1920-இல் கல்கத்தாக் காங்கிரஸில் ஒத்துழையாமைத் தீர்மானத்தை ஏற்க மனமின்றி விலகியபின் அரசியலில் அவர் குரல் ஒதுங்கியது. ஆயினும் ஏட்டுப் பிரதியும் எழுதுகோலும் ஒதுங்கவில்லை. கோவையிலும் கோவில்பட்டியிலும் வசித்து, 1932-இல், தாம் கப்பல் விட்ட தூத்துக்குடிக்கே திரும்பினார். 1935-இல் சிவஞானபோதத்துக்கு அவர் எழுதிய உரை வெளிவந்தது. 1936 நவம்பர் 18-இல், அவர் விருப்பப்படியே அவ்வூர்க் காங்கிரஸ் அலுவலகத்தில், அவர் உயிர் பிரிந்தது. தாம் தீர்க்க வேண்டிய கடன்களையும் உயிலில் குறித்து வைத்துவிட்டே சென்றார்.

நாம் கைக்கொள்ளத்தக்கது

இவ்வாழ்வைத் தொகுத்து நோக்கும்போது, அவரை உடையாமல் காத்தது இன்னதென்று ஓரளவு சொல்ல முடிகிறது. கப்பல் ஓடிய நாளிலும், செக்கு இழுத்த நாளிலும், அரிசி விற்ற நாளிலும் தாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு என்று அவர் நம்பினார். அந்த வேலை வெற்றியால் முடிந்துவிடுவதுமில்லை, தோல்வியால் நின்றுவிடுவதுமில்லை. தேசத்துக்கும் தமிழுக்கும் அறத்துக்கும் தொண்டு செய்வது என்பதுதான் அவ்வேலை. கப்பல் இருந்தபோது கப்பலால் செய்தார். கப்பல் போனபின் எழுத்தால் செய்தார். நாளின் லாபநஷ்டத்தைக் கொண்டு தம்மை அளந்துகொள்ளாமல், தம் வேலையைக் கொண்டு நாளை அளந்தார். ஆதலால் எந்த நாளும் அவருக்கு அளவுக்கு மிஞ்சிப் பெருகித் தோன்றவில்லை.

நாம் கப்பல் விடப் போவதில்லை; நம்மைச் செக்கில் பூட்டுவாரும் இல்லை. ஆனால் பரீட்சையில் தவறிய பிள்ளை இன்று எத்தனையோ வீடுகளில் சாப்பிடாமல் படுத்திருக்கிறது. வேலை போன தகப்பன் அதை மனைவியிடம் சொல்லத் துணியாமல் தினமும் வெளியே போய் வருகிறான். திடீரென்று பணமும் பெயரும் சேர்ந்த ஒருவன், பழைய நண்பர்களை அடையாளம் தெரியாதவன்போல் நடக்கிறான். அப்பிள்ளையிடம், ‘தைரியமாயிரு’ என்று சொல்வதால் பயன் சொற்பமே. அது நாளைக் காலையில் எழுந்து செய்யத்தக்க ஒரு வேலையை, தேர்வின் முடிவோடு சம்பந்தமில்லாமல் மதிப்புள்ள ஒரு வேலையை, அதன் கையில் கொடுக்க வேண்டும். அத்தகப்பன் தன் தேவையைச் சொல்ல வேண்டும்; சொன்னால் அவமானமில்லை என்று கண்டுகொள்ளும் வீடாக அவன் வீடு இருக்க வேண்டும். பணம் சேர்ந்தவனோ, இன்றே, இந்த நல்ல நாளிலேயே, அது இல்லாதபோதும் தன்னோடு நிற்கக்கூடிய ஒரு பயனுள்ள பழக்கத்தைத் தேடிக்கொள்ள வேண்டும்.

துக்கம் வந்தால் அழுவோம், அதில் தவறில்லை. சுகம் வந்தால் களிப்போம், அதிலும் தவறில்லை. அழுகையும் களிப்பும் ஓய்ந்தபின் நாம் திரும்பிச் சென்று கைவைக்க வேண்டிய வேலை எது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் நல்ல நாள் ஒன்றிலேயே தீர்மானித்து வைத்துக்கொள்வோமாக. அதைத் தீர்மானித்தவர்க்குப் பொல்லாத நாள் வராமல் இருக்காது. ஆனால் வந்த நாள் அவரை ஆளாது.